யார் சொன்னது, ஒன்பது பி?

ஆகஸ்ட் 5, திங்கள்

முப்பத்தெட்டுக் கட்டுரைகள். தலைப்பு தேனீ. பாதிக்கு மேல் "உலகம் தோன்றிய நாள் முதலே" என்று ஆரம்பிக்கின்றன. தேனீ எங்கே கூடு கட்டும், என்ன தின்னும், கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை. "தேனீ நம்மைப் பெற்ற தாயைப் போன்றது" என்று ஒருத்தன். அவன் அம்மாவிடம் கேட்டால் தெரியும். வகுப்பில் நெட்டை என்று பேர் வாங்கியவன் ஒரு படி மேலே போய், "ஆய்வு ஒன்றின்படி நூற்றுக்கு எண்பத்தேழு தேனீக்கள் சோம்பேறிகள்" என்று எழுதியிருக்கிறான்.

கூப்பிட்டு, "எந்த ஆய்வுடா?" என்றேன்.

"நீங்கதானே சார் எண்ணிக்கை போட்டா நம்புவாங்கன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன?

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தகவல் கட்டுரை என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். படிக்கிறவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைப்பது. அழகு பிறகு வரட்டும், முதலில் உண்மை வர வேண்டும். புது விதியும் போட்டாயிற்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓரத்தில் பென்சிலால் அதை யார் சொன்னது என்று எழுத வேண்டும். நானே பார்த்தேன், அப்பா சொன்னார், பாடப்புத்தகம் — எதுவானாலும் சரி. ஒன்றுமே இல்லையென்றால் அந்த வாக்கியத்தை அடித்துவிட வேண்டும்.

இரண்டாம் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வகுப்பே அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறது.

"சார், நெருப்பு சுடும்னு எழுதினா யார் பேரைப் போடறது?"

"உன் பேரையே போடு. ஒரு தடவையாவது தொட்டுப் பாத்திருப்பேல்ல?"

"என் தம்பிதான் சார் தொட்டான்."

"அப்ப தம்பி பேரைப் போடு."

சிரித்துச் சிரித்து மேஜையைத் தட்டினார்கள். கடைசி பெஞ்சில் தூங்குமூஞ்சிகூட விழித்துக்கொண்டான். இந்த வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய பள்ளிக்கூடம் மூடிய பிறகு எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தச் சத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதுகளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கடைசி வகுப்பில் ஒரு பொய்ப் பத்தியைக் கரும்பலகையில் எழுதினேன். தகவல் கட்டுரையின் நடையில் எழுதினால் எந்தப் பொய்யும் உண்மை மாதிரி நிற்கும் என்று காட்டத்தான். "அடுத்த கல்வியாண்டு முதல் இப்பள்ளியின் மாடி முழுவதும் நூலகமாக மாற்றப்படும். மாடியில் இயங்கும் வகுப்புகள் கீழ்த்தளத்தில் நடைபெறும்." எங்கள் ஒன்பது பி-யும் மாடியில்தான். எழுதும்போதே ஆசையாக இருந்தது. இங்கே நூலகம் என்பது ஒரு பீரோ, அதற்கும் சாவி தொலைந்துவிட்டது. "இது நானே கட்டின பொய். இதுல எங்கெங்க ஓட்டைன்னு திங்கட்கிழமை சொல்லணும்" என்றேன். மணி அடித்துவிட்டது. மூலையில் 'அழிக்க வேண்டாம்' என்று எழுதி, கட்டம் கட்டிவிட்டு வந்தேன்.

தொண்டை வலிக்கிறது.

ஆகஸ்ட் 10, சனி

காய்ச்சல். இன்றைய பெற்றோர் கூட்டத்துக்குப் போகவில்லை. போன் பேசவும் விடமாட்டேன் என்று என் மனைவி அதைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 14, புதன்

எழுந்து நடமாடுகிறேன். பள்ளிக்கும் போனேன். பலகையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். சரி போகட்டும் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது. சைக்கிளுக்குக் காற்றடிப்பது எப்படி என்று எழுதச் சொன்னேன். நெட்டை முதல் பத்தியில் காற்றடித்து, மூன்றாம் பத்தியில்தான் மூடியைக் கழற்றுகிறான்.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஆசிரியர் அறையில் கணக்கு சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். காதும் காதும் வைத்தமாதிரி சொல்கிறாராம் — ஆறு பேருக்குக் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாதா? ஒன்பது ஏ, பி ரெண்டையும் ஒண்ணாக்கப் போறாங்க. ஒரு வாத்தியாரைக் குறைக்கறாங்க. கடைசியா சேந்தவங்க யாரோ அவங்கதான்."

கடைசியாகச் சேர்ந்தது நான். இந்தப் பள்ளியில் எனக்குப் பிறகு சேர்ந்தது தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் ஒன்றுதான்.

மறுபடியுமா? மறுபடியும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு போக இடம் இல்லாமல் நிற்பதா? அந்த எட்டு மாதமும் இவள்தான் குடும்பத்தை இழுத்தாள், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

இவளிடம் சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இவளுக்கு ஏற்கெனவே தெரியும்! இவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில், கண் பரிசோதனைக்கு வந்த ஒரு அம்மா சொன்னாராம்.

"நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

"நிச்சயமாத் தெரியாம எதுக்குச் சொல்லணும்?"

"தெரியலைன்னா கேளுங்க. உங்க மேடம் என்ன புலியா?"

புலி இல்லை. புலியாக இருந்தால் பார்த்ததும் ஓடிவிடலாம்.

ஆகஸ்ட் 28, புதன்

தலைமையாசிரியை அறைக்குள் போயே விட்டேன். நிமிர்ந்து பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார். "சாக்பீஸ் தீந்துடுச்சு மேடம்."

நான்கு பெட்டி சாக்பீஸோடு வெளியே வந்தேன். தைரியசாலி!

ஆகஸ்ட் 30, வெள்ளி

ஒன்பது பி-யிலிருந்து மூன்று பேர் டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் அடைக்கப் போகிறார்கள், பிள்ளை எங்கே படிக்கும் என்று பெற்றோர் பயப்படுகிறார்களாம். தூங்குமூஞ்சியும் போய்விட்டான். கடைசி பெஞ்சு வெறிச்சென்று கிடக்கிறது. அவன் தூங்கினாலும் அங்கே இருந்தான் அல்லவா.

செப்டம்பர் 3, செவ்வாய்

வகுப்பில் நுழைந்ததும் வக்கீல் எழுந்தாள். குரல் சரியில்லை. "சார், நீங்க போகப் போறீங்களாமே?"

"யார் சொன்னது?"

பழக்க தோஷத்தில் வந்துவிட்டது. எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். நானும்தான். ஆனால் அவள் விடுகிற ஆளா?

"அதையே கட்டுரையா எழுதலாமா சார்? இந்தச் சேதி எங்கேருந்து வந்துச்சுன்னு. ஆளாளுக்குக் கேட்டுக்கிட்டே பின்னால போவோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குத்தான் கேட்கத் துப்பில்லை, இவர்களாவது கேட்கட்டுமே. யாரிடமும் மரியாதையில்லாமல் கேட்கக் கூடாது, சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், கூட்டியோ குறைத்தோ எழுதினால் மதிப்பெண் இல்லை என்றேன். பயந்தவன் வாயிலிருந்து எவ்வளவு விதிகள் வருகின்றன பார்.

செப்டம்பர் 6, வெள்ளி

எப்படி எழுதுவேன் இதை? இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

எட்டுக் குழுக்கள், எட்டுக் கட்டுரைகள். நெட்டையின் குழு முதலில் வாசித்தது.

"இச்செய்தியைக் கணக்கு ஆசிரியர் அவருடைய பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மாவுக்குத் தையல்காரர் சொன்னார். தையல்காரர் சொன்னது: வகுப்புகளை இணைத்தால் ஆசிரியர்களைக் குறைக்கத்தானே செய்வார்கள். வகுப்புகளை இணைக்கப் போகிறார்கள் என்று அவருக்குச் சொன்னவர் பேருந்து ஓட்டுநர். அவர் சொன்னது: கீழே காலி அறை இல்லை, ஆகவே மாடி வகுப்புகளைக் கீழ் வகுப்புகளோடு சேர்க்கத்தான் வேண்டும்."

பேருந்து ஓட்டுநர் தூங்குமூஞ்சியின் அப்பா.

"அவருக்கு யார் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு போர்டுல எழுதியிருந்துச்சாம்."

"எந்த போர்டுல?"

"இந்த போர்டுல சார்."

எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. "யாருடா எழுதினது?" என்று அதட்டலாகவே கேட்டேன். நெட்டை காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். வக்கீல்தான் மெதுவாகச் சொன்னாள்: "எங்கம்மாவும் பாத்தாங்களாம் சார். கையெழுத்து அவ்வளவு அழகா இருந்துச்சாம். அழிக்க வேண்டாம்னு கட்டம்கூட கட்டியிருந்துச்சாம்."

நூலகம்! என் நூலகம்!

நான் ஆசைப்பட்டு எழுதிய பொய் ஊரெல்லாம் சுற்றி, என்னையே வேலையை விட்டுத் துரத்த வந்து நின்றிருக்கிறது. அதைப் பார்த்து இரண்டு வாரம் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிள்ளைகள் முதலில் பயந்து, பிறகு சேர்ந்து சிரித்தார்கள். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே — அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டில் இதுவரை ஏழு பேர் போய்விட்டார்கள். முப்பதுக்குக் கீழே போனால் பிரிவை இணைக்கலாம் என்று விதியே இருக்கிறது. இன்னும் இரண்டு பேர் போனால் பொய் நிஜமாகிவிடும்.

இவளிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், "திங்கட்கிழமை சாக்பீஸ் வாங்கிட்டு வராதீங்க" என்றாள்.

செப்டம்பர் 9, திங்கள்

சொல்லிவிட்டேன். ஒரே மூச்சில், நின்றுகொண்டே.

மேடம் பேனாவை மூடி வைத்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாடி வகுப்பையெல்லாம் எடுக்கப் போறாங்கன்னு என் காதுலயும் விழுந்துச்சு சார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நிர்வாகம் முடிவெடுத்துடுச்சுன்னு நெனச்சுட்டேன். அப்ப என்னையும் மாத்தப் போறாங்கன்னு அர்த்தம். எனக்குத் தூக்கமே இல்ல."

"நீங்க கேட்டிருக்கலாமே மேடம்?"

"நீங்க கேட்டீங்களா?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் கத்தினார். நியாயமான கத்தல். வாங்கிக்கொண்டேன். என் எதிரிலேயே செயலாளருக்குப் போன் போட்டார். அப்படி ஒரு யோசனையே இல்லையாம். மாடியில் என்ன இருக்கிறது என்றே அவருக்குச் சரியாக நினைவில்லை. "ஒரு பாடப் பயிற்சி சார், வெளியில தப்பாப் போயிடுச்சு" என்று மேடம் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

போனை வைத்துவிட்டு, "சனிக்கிழமை எல்லாப் பேரன்ட்ஸையும் கூப்பிடறேன். போனவங்களையும். என்ன சொல்வீங்களோ, நீங்களே சொல்லுங்க" என்றார்.

செப்டம்பர் 11, புதன்

நான் சொல்லப் போவதில்லை. ஒன்பது பி எழுதுகிறது. இன்று நான்காவது தடவையாக அடித்துத் திருத்தினோம்.

வக்கீல், "எங்கள் அன்புக்குரிய தமிழாசிரியர்" என்று ஆரம்பித்திருந்தாள். அடித்தேன்.

"ஏன் சார்?"

"அன்புக்குரியன்னு யார் சொன்னது?"

"நாங்க முப்பத்தொரு பேரும்தான் சார். கைதூக்கச் சொல்லவா?"

தூக்கியே விட்டார்கள். நெட்டை இரண்டு கையையும். பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்ச நேரம் எதையோ துடைத்தேன், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறகு, "இருந்தாலும் அது கருத்து. தகவல் இல்ல. அடி" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அடித்தாள்.

நான் செய்த தவறை மட்டும் விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். விடக்கூடாது என்றேன். அதை விட்டால் மற்றதை யாரும் நம்பமாட்டார்கள்.

செப்டம்பர் 14, சனி

அறை கொள்ளாத கூட்டம். நெட்டை வாசித்தான்.

"ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி எங்கள் தமிழாசிரியர் இந்தப் பலகையில் ஒரு பத்தி எழுதினார். அது பயிற்சிக்காக எழுதிய பொய். எங்களிடம் அப்படித்தான் சொன்னார். பலகையில் அப்படி எழுதவில்லை. மறுநாள் பெற்றோர் அதைப் படித்தார்கள். மாடியை மாற்றும் திட்டம் இல்லை. வகுப்புகளை இணைக்கும் திட்டம் இல்லை. இதைச் சொன்னவர் பள்ளியின் செயலாளர். கேட்டவர் தலைமையாசிரியை. இருவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள்."

ஓர் அடைமொழி இல்லை. என்ன அழகு!

பேருந்து ஓட்டுநர் எழுந்தார். "எங்களுக்கு இது விளையாட்டு இல்ல சார். பையனை வேற எடத்துல சேத்துட்டேன். படிச்சவங்க போர்டுல எழுதினா நம்பாம என்ன செய்யறது?"

மன்னிப்புக் கேட்டேன், எல்லார் முன்னாலும். அவர் வெளியே போய்விட்டார். மற்றவர்கள் நின்று பேசினார்கள், திட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா அங்கேயே மேடத்திடம், "அப்ப எம் பொண்ணைத் திரும்பச் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஐந்து பேர் திரும்பி வந்துவிட்டார்கள். பிரிவுக்கு ஆபத்து இல்லை என்று மேடம் வாய்விட்டுச் சொன்னார். ஒருத்திக்குப் புதுப் பள்ளி வீட்டுக்குப் பக்கமாம், அங்கேயே இருக்கட்டும். ஓட்டுநரிடமிருந்து சேதி இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

பாதி வகுப்பில் வாசலில் நிழல் தட்டியது. தூங்குமூஞ்சி. பின்னால் அவன் அப்பா, காக்கிச் சட்டையில், பையனின் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு. "அங்க யார்கிட்டயும் பேச மாட்டேங்கறான் சார்" என்றார். பையை வாங்கிக்கொண்டேன். பேருந்துக்கு நேரமாகிறது என்று படியிறங்கிப் போனார்.

கடைசி பெஞ்சில் தடதடவென்று நகர்ந்து இடம் விட்டார்கள். விட்டுப்போன பாடத்தையெல்லாம் இவனுக்கு யார் சொல்லித் தருவது என்று நான் யோசிப்பதற்குள் வக்கீல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். முதலில் எது, பிறகு எது, எது பார்த்தது, எது கேட்டது, எது இன்னும் நிச்சயமாகத் தெரியாதது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவன் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டான். இரண்டு தடவை குறுக்கே கேள்விகூடக் கேட்டான்.

நடுவில் ஏதாவது திருத்தலாம் என்று நின்றுகொண்டே இருந்தேன். திருத்த ஒன்றும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.