சுவர் தாண்டி வந்த இருபத்திரண்டு பேர்

இந்த அகாலத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மணி ஒன்றரை. பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். பக்கத்து மில்லில் நெல் அவிக்கிறார்கள். அந்தப் புழுங்கல் வாடை ஜன்னல் வழியாக வந்து தூளியைச் சுற்றி நிற்கிறது. அது வந்தால் கூடவே நீயும் வந்துவிடுகிறாய். நீ செத்துப்போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது என்பது அந்த வாடைக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை இவனுக்கு வேலூரில் ஆபரேஷன். குடலிறக்கம். எட்டு மாதக் குழந்தைக்கு இதெல்லாம் சகஜம், அரை மணி நேர வேலை என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். விலங்கியல் படித்தவள் நான். எங்கே கீறுவார்கள், எதைத் தைப்பார்கள் என்று படம் போட்டே காட்டுவேன். ஆனாலும் மயக்க மருந்து என்று கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. சாமி படத்தின் முன்னால் போய் நிற்கிறேன். 'நீ பார்த்துக்கொள்' என்ற இரண்டு சொல் வாயில் வரமாட்டேன் என்கிறது. உனக்கு அது எவ்வளவு சுலபமாக வந்தது!

அப்போது நான் காலேஜ் லீவில் இருந்தேன். நம்மூர் நெல் மில் களத்தின் பின்சுவர்மேல் நானும் நெசவுத் தெரு சரோஜாவும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் கால்பந்து மைதானம், இந்தப் பக்கம் நீ. காய்கிற நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே களத்தின் அந்தக் கோடிக்குப் போவாய், திரும்பிச் சுவர்வரை வருவாய். வரும்போதெல்லாம் உடைந்த செங்கல் சந்தில் கண்ணை வைத்து ஒரு பார்வை. முழு ஆட்டத்தில் உனக்குக் கிடைத்தது ஐந்து நிமிஷம் இருக்குமா?

"இன்னாச்சு காலேஜு, போட்டானா?"

"கம்பத்துக்கு மேலே போயிடுச்சு."

"நான் பாக்கறப்ப மட்டும் ஒருத்தனும் போட மாட்டேன்றான். எனக்குன்னு எவனாவது ஒண்ணு போடக் கூடாதா?"

போளூர்க்காரர்களோடு கடைசி ஆட்டம் நடந்த அன்று நான்தான் உன்னை வற்புறுத்தினேன். நம் பக்கத்து கோல்கீப்பர் சரோஜாவுக்கு அண்ணன் முறை. அவன் பாய்ந்து பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து, "பட்டு நெய்யற விரலு. ஒடிச்சிகினு வந்தான்னா எங்க பெரிம்மா சோறு போடாது" என்று அவள் புலம்பிக்கொண்டிருந்தாள். "ஒரு பத்து நிமிஷம் மேலே வந்து உட்காரேன். நெல் எங்கே ஓடிப்போகுது?" என்றேன் உன்னிடம். நீ வானத்தைப் பார்த்தாய். வெளுத்துத்தான் கிடந்தது. ஏறினாய்.

மூன்று பேரும் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் வெயில் இறங்கியது. கண் கூசாமல் ஆட்டம் நன்றாகத் தெரிகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன் பார், படித்த முட்டாள்! பிடரியில் முதல் சொட்டு விழுந்த பிறகுதான் திரும்பினேன். மலைப்பக்க வானம் முழுக்கக் கறுத்திருந்தது. களம் நிறைய, பாதி காய்ந்த நெல். நனைந்தால் நாறிப்போகும், உன் வேலையும் போகும்.

நீ என்னைத் திட்டவில்லை. குதித்தாய். "படவேட்டு தாயே, நீ பாத்துக்கோ" என்றாய், கடைக்காரரிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போகிறவள் மாதிரி. சொல்லி முடிப்பதற்குள் பலகையை எடுத்து நெல்லைத் தள்ள ஆரம்பித்துவிட்டாய். நான் சுவர்மேல் உட்கார்ந்தபடியே அழுதேன்.

"அழுவறத அப்பறமா அழு. ஜல்தி, யாரையாவது கூப்புடுடி!"

சுவரிலிருந்து கத்தினேன். "அண்ணே, நெல்லு நனையுது!"

கோல்கீப்பர் திரும்பினான். களத்தைப் பார்த்தான். அடுத்த நொடி கோலை அப்படியே விட்டுவிட்டுச் சுவரைத் தாண்டிவிட்டான். அதே நேரத்தில் ஒரு போளூர்க்காரன் பந்தோடு வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் பத்தடியில் ஆளே இல்லாத கோல். சும்மா தட்டினால் போதும், கோப்பை அவர்களுக்கு. அவன் பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தினான்.

"இன்னாடா ஆச்சு?"

"நெல்லுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

பந்தை அங்கேயே விட்டுவிட்டு அவனும் ஓடிவந்தான். அவன் பின்னால் எல்லோரும். சிவப்பு பனியனும் நீல பனியனுமாக இருபத்திரண்டு பேர், பலகை கிடைத்தவன் பலகையால், கிடைக்காதவன் கையால். விசிலைப் பல்லில் கடித்தபடி தார்ப்பாயின் ஒரு முனையை இழுத்துக்கொண்டு ஓடினார் ரெஃப்ரி. அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் அது கூவியது. மழை கொட்டியபோது ஓரத்து நெல் மட்டுந்தான் நனைந்தது. மைதானத்தில் அந்தப் பந்து தனியாக நனைந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி வந்து கத்தினார். "மழ வர்றது தெரியல? கண்ணு இன்னா பொடனிலயா இருக்குது?"

"பொடனில இருந்திருந்தா பாத்திருப்பனே மேஸ்திரி" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உன் வேலை பிழைத்தது.

அன்றைக்கு உன்னைச் சீண்டினேன், நினைவிருக்கிறதா? "கத்திக் கூப்பிட்டது நான். இதுலே உன் தாய் எங்கே வந்தாள்?"

முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னாய்: "நீ கூப்ட்ட, சரி. அவனுங்க ஏன் வந்தானுங்க?"

ஜெயிக்க ஒரு தட்டு பாக்கி இருந்தவன் யாருடைய நெல்லுக்காகவோ காலை எடுத்தானே, அதை எந்தப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வேன்? நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தக் காட்சி ஒன்றுதான். இரண்டு நாளாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அன்று உனக்குத் தள்ளுவதற்கு நெல் இருந்தது. வியாழக்கிழமை, தியேட்டர் வாசலில் இவனை நர்ஸிடம் கொடுத்த பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது. சும்மா நிற்கிறவள் எப்படி நம்புவது? போன வருஷம் படுக்கையில் கிடந்தாயே, கையைக்கூடத் தூக்க முடியாமல், அப்போது உனக்கு அது தெரிந்திருக்கும். வயிற்றில் இவனை வைத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாது என்றார்கள், நான் வரவில்லை. வந்து கேட்டிருக்க வேண்டும்.

அந்த நாட்களில் நீ உன் படவேட்டு அம்மனிடம் என்ன சொன்னாய்? எனக்கு எழுது. புதன்கிழமைக்குள் பதில் போடு.