மூன்று சதவீதம்

அக்காவுக்கு,

நேற்று மருந்துக்கடையில் கூட்டத்துக்கு நடுவே என் மகளிடமிருந்து போன் வந்தது. "அந்தப் பெரிய யுனிவர்சிட்டியில எனக்கும் சீட் கிடைக்கலம்மா, பெரியம்மா பொண்ணுக்கும் கிடைக்கல" என்றாள். என் வாயிலிருந்து "அப்பாடா" என்று வந்துவிட்டது. மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கோபப்படாதே, முழுதும் படி. யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று உன் சமையலறையில் உட்கார்ந்து வலைத்தளத்தில் தட்டிப் பார்த்தோமே, அன்றைக்கு என் மகளுக்கு முப்பத்தொன்று, உன் மகளுக்கு இருபத்தெட்டு சதவீதம் என்று காட்டியது. "மூணு பெர்சென்ட்டுக்கா இந்த அலட்டல்?" என்று கேட்டாய். நான் அலட்டவில்லை. சிரித்தேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து நீ என் கடையைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளிப் போய்த் தலைவலி மாத்திரை வாங்குகிறாய்.

உன் மகளுக்கு மட்டும் கிடைத்திருந்தால் வாழ்த்துச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது. என் மகளுக்கு மட்டும் கிடைத்திருந்தால் நீ இந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்கமாட்டாய்.

பிள்ளைகள் இருவரும் இப்போது என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள். அழுது முடித்தாயிற்று. உள்ளூர்க் கல்லூரியில் இருவருக்கும் இடம் வந்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோர சீட் யாருக்கு என்று இப்போதே சண்டை.

சாயங்காலம் மகளைக் கூட்டிப் போக அத்தானை அனுப்பாதே, நீயே வா. உன் மாத்திரையை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அலட்டாத உன் தங்கை