பதினேழாம் நம்பர் சிப்பி

என் ஓட்டக்காரிக்கு,

இன்றைக்கு ஆய்வகத்தில் உன் அம்மா வைத்ததுதான் சட்டம். எல்லாம் பதினேழாம் நம்பர் சிப்பியால்.

தன்னைத் தின்னும் நட்சத்திர மீனால் தொட்டால் இந்த விசிறிச் சிப்பி இரண்டு ஓடுகளையும் படபடவென்று அடித்து நீந்தித் தப்பிக்கும். எத்தனை முறை அடிக்கிறது, தசை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளப்பதுதானே என் பிழைப்பு. களைத்ததும் இருபது நிமிஷம் ஓய்வு கொடுத்து மறுபடி தொடுவேன். பதினேழு முதலில் இருபத்தெட்டு முறை அடித்தது. ஓய்வுக்குப் பிறகு நாலே நாலு.

"இது தேறாதுங்க, கழிச்சிடுங்க" என்றார் எங்கள் விஞ்ஞானி.

நான் மறந்துபோய்த் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் தொட்டால் முப்பத்தொன்று! இழுவையும் முழுசாகத் திரும்பியிருந்தது. தேறாது என்று ஒதுக்கிய மற்ற பன்னிரண்டையும் ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். ஒன்று விடாமல் எல்லாம் அடித்தன. தன் தப்பை ஒத்துக்கொண்டே பழக்கமில்லாத அந்த மனிதர், "நாமதான் அவசரப்பட்டுட்டோம்" என்றார்.

"நாம இல்ல சார், நான்" என்றேன். இருபது நிமிஷம் போதும் என்று எழுதிவைத்தவள் நான். ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது.

மைதானத்திலும் அது என் கையில்தான் இருந்தது. உன் முழங்காலுக்கு டாக்டர் ஆறு வாரம் ஓய்வு என்றார். நான் மூன்று போதும் என்றேன்.

மறுபடி எப்போது ஓடுவாய் என்று கேட்க இதை எழுதவில்லை.

சாயங்காலம் பதினேழைக் கடலில் விட்டோம். அது போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நான் நேரம் குறிக்கவில்லை.

அம்மா