ஏழு முறை வைத்த விரல்

செங்கெரேமா மீன் சந்தை,
செவ்வாய்க்கிழமை.

தங்கை நியாமிசிக்குக் கபுலா எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

ஃபோன் கம்பெனிக்காரிக்குப் போய்க் கடிதமா என்று சிரிக்காதே. என் எண்ணைப் போலீஸ் முடக்கிவிட்டது. பக்கத்துக் கடை ஃபோனில் கூப்பிட்டால், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால் நீ இருக்கும் முவான்சாவுக்கு வரும் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

பாறைக்குன்றில் உன் கம்பெனி முதல் கோபுரம் நட்டபோது, சிக்னலுக்காக மீன்கூடையோடு குன்றேறியவள் நான். இப்போது நாலு கோபுரம். வலை காயும் கரையில்கூட ஃபோனில் படம் ஓடுகிறது. நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிம் கார்டு விற்கக் கம்பெனி கொடுத்த குடையை விரிக்க இடமில்லாமல் நின்றாய். "அக்கா, தினம் முப்பது பேரைச் சேர்க்கலேன்னா என்னைத் துரத்திடுவாங்க" என்று அழுதாய். என் மீன் பலகையில் பாதியைக் காலி செய்து கொடுத்தேன். சந்தையையே கூவி உன்னிடம் அனுப்பினேன்.

சிம் கார்டுக்கு எல்லோரும் ரேகை பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. என் முறையும் வந்தது. விரலை வைத்தேன். "பதியலக்கா, இன்னொரு தடவை வை" என்றாய். வைத்தேன். "உன் கை மீன் கை, மெஷினே மூக்கைப் பொத்திக்குது!" என்றாய். சந்தையே சிரித்தது, நானும்தான். எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மறுபடி வைத்தேன். மொத்தம் ஏழு முறை. உப்பில் தேய்ந்த கை என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. உன் நேரத்தை வீணாக்கிவிட்டேனே என்று பொரித்த மீன் வேறு கட்டிக் கொடுத்தேன், மடச்சி!

போன மாதம் போலீஸ் வந்தது. கெய்தாவில் ஒரு கிழவர், மகன் அனுப்பிய செய்தி என்று நம்பி, நெல் விற்ற பணம் முழுவதையும் ஃபோனிலேயே ஏதோ ஓர் எண்ணுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த எண் என் பெயரில் இருக்கிறது. என் பெயரில் மொத்தம் ஏழு எண்களாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஸ்டேஷனில் ரேகை எடுக்கும்போது, "ஐயா, என் விரல் லேசுல பதியாது, எலுமிச்சை இருந்தா குடுங்க" என்று கேட்டேன். முதல் தடவையிலேயே பதிந்துவிட்டது. "ஏம்மா, உன் விரலுக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கு!" என்றார் போலீஸ்காரர். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு முறை நான் விரலை வைத்தபோதும் நீ ஓர் எண் திறந்திருக்கிறாய். அதைக் கண்டவனுக்கு விற்றிருக்கிறாய். கூடவே இருந்து குழி பறித்தாயேடி, பாவி! நேற்று ரேடியோவில், உன் கம்பெனியில் ஒரு கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று பாட்டுப் போட்டுக் கொண்டாடினார்கள். அந்தக் கோடியில் நான் ஒருத்தியே ஏழு பேர். சிறந்த முகவர் என்று உன் படம் போட்ட சுவரொட்டி இன்னும் என் கடையில் தொங்குகிறது. கிழிக்கப் போனேன், மனசு வரவில்லை. உன்மேல் இருக்கும் கோபத்தைவிட அந்த மனசின் மேல்தான் எனக்குக் கோபம்.

பதினேழாம் தேதி வழக்கு. எண்களைப் பதிந்த முகவர் என்று கம்பெனி காட்டுவது, எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவனின் பெயரை. அதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறாய். உன் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னாலும் மீன்காரி பேச்சை யார் நம்புவார்கள்? நீயே வந்து சொன்னால் நான் வீட்டுக்குப் போவேன். வராவிட்டால் சிறைக்குப் போவேன்.

உன் மகள் பிறந்த அன்று, "அக்கா, உன் பேரையே வச்சிடட்டுமா?" என்று கேட்டாயே. குட்டிக் கபுலாவைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்க ஆடினேன். என் பெயரை யார் யாரோ வைத்துக்கொண்டு திரிகிறார்கள். நான் தெரிந்து, மனசாரக் கொடுத்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் நூறு வயது இருக்கட்டும். பள்ளியில் பெயரைக் கேட்டால் தலை நிமிர்ந்து சொல்லட்டும். பதினேழாம் தேதி அவளையும் தூக்கிக்கொண்டு வா.

பலகையில் பாதி கொடுத்த அக்கா,
கபுலா