நீங்கள் இறங்கிப் பார்த்த ரியாக்டர்

இன்று காலை, அமிலம் காய்ச்சும் ரியாக்டரின் மூடியைத் திறந்து, உள்ளே பூசிய கண்ணாடியில் கீறல் உண்டா என்று மின்பொறி விட்டுப் பார்க்கும் ஸ்பார்க் டெஸ்ட் செய்தார்கள். மின்னல் வெட்டியது போன்ற அந்த மணம் மேலே நின்றிருந்த எனக்கு எட்டியதும் உங்கள் சட்டை நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், டெஸ்ட் நாட்களில் அந்த மணத்தோடுதான் அடுகோடியில் இருந்த நம் வீட்டுக்குள் நுழைவீர்கள்.

பொம்மனஹள்ளி தொழிற்சாலையில் நான் தயாரிப்பு, நீங்கள் பராமரிப்பு. நம் முதல் பேச்சே சண்டை. அடுத்த பேட்சுக்கு நேரமாகிறதென்று, சூடாயிருந்த ரியாக்டரைச் சுற்றிக் குளிர்ந்த நீரை விடச் சொன்னேன். நீங்கள் வால்வை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றீர்கள்.

"இரும்பு தாங்கும் மேடம். உள்ள ஒட்டியிருக்கிற கண்ணாடி தாங்காது. மெதுவா ஆறட்டும்."

"லேட்டானா நீங்களா பதில் சொல்வீங்க?"

"சொல்றேன்."

சொல்லவும் செய்தீர்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், டெஸ்டுக்காக உள்ளே இறங்கிய நீங்கள் நீலக் கண்ணாடியில் மிளகளவு சில்லு பெயர்ந்திருப்பதைக் கண்டீர்கள். விட்டால் அமிலம் அந்த வழியாக இரும்பைத் தின்றுவிடும். புதியது வரும்வரை இதையே ஓட்டச் சொன்னார் மேனேஜர்.

"ஓட்டினா ஓட்டை விழும் சார். பக்கத்துல நிக்கிறவன் மேல தெறிக்கும். நிறுத்துங்க, இதையே சரி பண்ணிடலாம்."

நிறுத்த வைத்தீர்கள். அமிலம் அரிக்காத டான்டலம் என்ற உலோகத்தில் செய்த பிளக்கைத் திருகி அந்த இடத்தை அடைத்தீர்கள். புதியது வாங்க வேண்டிய தேவையே வரவில்லை.

யார் கையிலிருந்து எது விழுந்து அந்தச் சில்லு பெயர்ந்தது என்று நீங்கள் விசாரிக்கவே இல்லை. எனக்கு அதில் கோபம். "திட்டினா அடுத்த தடவை மறைச்சுடுவாங்க. அப்புறம் நமக்குத் தெரியவே தெரியாது" என்றீர்கள்.

நீங்கள் போய், வீட்டில் நான் மட்டும் என்று ஆனபின்பும் அந்த ரியாக்டர் ஓடுகிறது. நேற்று ஓர் ஆபரேட்டர் தானாகவே வந்து, "மேடம், ஸ்பேனர் உள்ள விழுந்துடுச்சு. நான்தான்" என்றார். அதற்காகத்தான் இன்றைய டெஸ்ட். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளேயிருந்து ஏறி வந்த புது இன்ஜினியர், "அந்த பிளக் யார் போட்டது மேடம்? அவ்ளோ நல்லா உக்காந்திருக்கு" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்."

"அப்படியா! இப்ப எங்க வேலை பாக்கறார்?"

"அவர் தவறிட்டார்" என்று சொல்லிவிட்டு, ரியாக்டரின் மூடியைப் போடச் சொன்னேன்.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, உங்களிடம் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று மனசு வரிசைப்படுத்திக்கொண்டே வந்தது. பூட்டைத் திறந்து விளக்கைப் போடும்வரை அது ஓயவில்லை. தினமும் இப்படித்தான். இன்று கடைசிக்கு வைத்திருந்தது இதுதான்: நீங்கள் போட்டது நன்றாக உட்கார்ந்திருக்கிறதாம்.