கன்னியப்பனின் கேமராவுக்கு நான் மாட்டிய கண்ணாடி

என் மனைவிக்குப் பின் பிறந்து எனக்கு முன் போய்விட்ட அருமை மைத்துனன் கன்னியப்பனுக்கு,

உன் ஆண்டுத் திதியன்று உன் பங்காளி மகன் எள்ளும் நீரும் விட்டபோது, அருகில் நின்று மந்திரங்களின் பொருளைச் சொன்னவன் நான். அன்றே உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று என்னிடம் இருந்தது. மந்திரத்தின் நடுவே மனிதப் பேச்சு நுழையலாகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதுவன்று. எனக்கு அச்சம், இன்றும் அது தீரவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நாம் எந்த ராஜ்யம் என்று நீ இருந்தவரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது அல்லவா? இப்போது முடிவாகிவிட்டது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போகிறது. நகரியும் புத்தூரும் நம் ஊரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. தெற்கே வயல்களில் எல்லை அளக்கிறவர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்கள் ஒரு கல்லைக் கையில் எடுத்தால் போதும், நிலம் எந்தப் பக்கம் போகுமோ என்ற கவலையில் இங்கே நாலு வீட்டில் அடுப்பு எரிவதில்லை.

அடுத்தது உன் மகள் தேவகியின் செய்தி. தை மாதத்தில் திருமணம் என்று பேசி வைத்தோம். மாப்பிள்ளை திருத்தணிக்காரர், ரேணிகுண்டா ஜங்ஷனில் வேலை. உன் கேமராவை அவருக்குச் சீரோடு சேர்த்துக் கொடுப்பது என்று உன் மனைவி இராஜம்மாள் தீர்மானித்திருந்தாள். அந்தத் திருமணம் இன்று நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. அதை நிறுத்தியவன் நான், கன்னியப்பா.

எப்படி என்று சொல்கிறேன். பொறுமையாகக் கேள்.

நம் அம்மன் கோயிலில் கார்த்திகைக்குக் கல்தூணின் உச்சியில் விளக்கு ஏற்றுவதை ஆண்டுதோறும் நீதான் படம் பிடிப்பாய். நீ இல்லாத முதல் கார்த்திகை இது. படம் இல்லாமல் போகக் கூடாது என்று ஊரார் என்னிடம் வந்தார்கள். உன் பக்கத்தில் கேமராவின் முக்காலியைச் சுமந்து நின்று, எதை எவ்வளவு திருப்புவது என்று ஓரளவு நான் பார்த்து வைத்திருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியும். இராஜம்மாள் பெட்டியைத் திறந்து கேமராவை என் கையில் கொடுத்தாள். "அண்ணா, இது மாப்பிள்ளைக்குப் போவப்போற பொருள், பத்திரம். முன்னாடி பில்டர் மட்டும் மாட்டாதீங்க, அவருக்குப் புடிக்காது" என்றாள். சரி என்று தலையசைத்தேன்.

அந்தத் தலையசைப்போடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பொருள் கைக்கு வந்ததும் கூடவே பயமும் வந்துவிட்டது. தூணின் உச்சியில் கொப்பரை நிறைய எண்ணெய், காற்றில் பொறி பறக்கும், கீழே கற்பூரப் புகை, கூட்டத்தில் யாரோ ஒருவனுடைய முழங்கை. உன் லென்ஸில் ஒரு கீறல் விழுந்தால் உன் மருமகன் முகத்தில் எப்படி விழிப்பேன்? மறுநாள் திருப்பதிக்குப் போனவன் ஒரு போட்டோ கடையில் நுழைந்து, இராஜம்மாள் வேண்டாமென்ற அந்தப் பில்டரையே, லென்ஸின் முன் மாட்டும் காப்புக் கண்ணாடியை, வாங்கினேன். கடைக்காரர் அதைத் துடைத்துக் கையில் வைத்து, தெலுங்கு கலந்து, "பரவாலேது அய்யா. தெறிச்சா இது மேல தெறிக்கும், ஒடஞ்சா இது ஒடையும். லென்ஸ் பிழைச்சுக்கும்" என்றார். எனக்கு ஏதோ ரட்சை கட்டிக்கொண்டது போலிருந்தது. கார்த்திகை இரவு அதை மாட்டித்தான் படம் எடுத்தேன்.

உன் புத்தூர் ஸ்டூடியோவில் இதே விஷயத்துக்காக ஒரு பகல் முழுக்க நாம் வாதாடினோமே, நினைவிருக்கிறதா? விலை உயர்ந்த லென்ஸை இப்படித் திறந்து போட்டிருக்கிறாயே என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"மாமா, சாமி முன்னாடி ஒரு கண்ணாடிப் பலகையை வெச்சிட்டா சந்தனம் தெறிக்காது, தூசி படியாது. வெச்சிடலாமா?" என்று நீ கேட்டாய்.

"கருவறை வாயிலில் துவாரபாலகர் இருவர் நிற்கிறார்களே, அவர்கள் காவலுக்குத்தானே?" என்றேன். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

"அவங்க ரெண்டு பக்கமா ஒதுங்கி நிக்கறாங்க மாமா. நடுவுல வந்து நின்னுக்கினு மறைக்கல" என்றாய். பிறகு லென்ஸின் விளிம்பில் மாட்டும், நடுவே திறந்த கறுப்புத் தொப்பியை எடுத்துக் காட்டி, "என் துவாரபாலகர் இவருதான். வெயிலையும் தடுப்பாரு, விரலையும் தடுப்பாரு, பார்வையைத் தடுக்க மாட்டாரு" என்று சிரித்தாய். மஞ்சள் நீர் ஊற்றும் திருவிழாவிலும், மணல் பறக்கும் கடற்கரையிலும் கண்ணாடி மாட்டுவதாக ஒப்புக்கொண்டாய். "ஆனா வெளக்கு எரியற எடத்துல மாட்டவே மாட்டேன். நெருப்பைப் பார்த்தா அந்தக் கண்ணாடி பயந்துக்கும் மாமா. பயந்துபோயி இல்லாததைச் சொல்லும்."

இவ்வளவும் இப்போது வரி பிசகாமல் நினைவுக்கு வருகிறது. அன்று தூணின் அடியில் நின்றபோது ஏன் வரவில்லை? ஆயிரம் பாடல்களை நெட்டுருப் போட்ட இந்த நெஞ்சுக்கு, வேண்டிய நேரத்தில் உன் ஒரு வாக்கியம் கிடைக்காமல் போயிற்றே.

நீ போன பிறகு ஸ்டூடியோ பூட்டியே கிடப்பதால், பிலிமைத் திருப்பதியில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். படத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்துத்தான் உறையிலிருந்து எடுத்தேன். சுற்றிலும் ஊர். இடப்புறம் மேலே, தூணின் உச்சியில், சுடர் அழகாக நின்றது. வலப்புறம் கீழே, தெற்கு வயல்களின் இருட்டில், இன்னொரு சுடர். சிறியது, மங்கியது. அது தலைகீழாக எரிந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் அன்று ஒரு அகல்கூட இல்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

நெசவுக்கார முனிரத்தினம்தான் முதலில் வாய் திறந்தான். "சாமி, நீங்க படிச்சவரு. இதுக்கு இன்னா அர்த்தம்?"

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? தெரியவில்லை அப்பா, யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக இந்த ஊர் என்னிடம் பொருள் கேட்டு வந்திருக்கிறது. தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு இது. அதோடு நான் மெய்யாகவே நடுங்கிப் போயிருந்தேன். நிமித்தம் கூறும் பழைய சுலோகம் ஒன்று தானாக எழுந்து வந்தது. அதைச் சொல்லி, "ஒளி இரண்டாகத் தோன்றுவது பிரிவைக் காட்டும். சுடர் கவிழ்வது குலத்துக்கு ஆகாது. தெற்கே ஏதோ கெடுதி" என்றேன். சொன்ன கணமே என் வார்த்தை எனக்கே கனமாக இருந்தது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஒருவரும் பிரசாதத்துக்கு நிற்கவில்லை.

தெற்கு என்றால் திருத்தணி. அந்தச் சொல் அங்கே போய்ச் சேரக் கால் வேண்டியிருக்கவில்லை, ரயிலே கொண்டுபோய்விட்டது. நாலாம் நாள் சம்பந்தியம்மாள் இராஜம்மாள் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு, "உள்ள வரலம்மா. உங்க பொண்ணு மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா வெளக்கு எங்க பக்கம்தான் கவுந்துக்கினு இருக்குதுன்னு உங்க வூட்டுப் பெரியவரே சொல்லிட்டாராமே. எனக்கு இருக்கறது ஒரே புள்ள" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

அன்று மாலை இராஜம்மாள் அந்தப் படத்தைக் கேட்டாள். கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். தலை நிமிராமலே, "அண்ணா, முன்னாடி பில்டர் மாட்டினீங்களா?" என்றாள்.

"இல்லை அம்மா" என்றேன்.

கன்னியப்பா, வாழ்நாளில் நான் பொய்யே சொல்லாதவன் அல்லன். ஆனால் நெற்றியில் நீறும் கையில் செபமாலையுமாக, கைம்பெண் ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல் முறை. கழற்றிய அந்தக் கண்ணாடி அப்போது என் இடுப்பு மடிப்பில்தான் இருந்தது. உன் அக்காளுக்குக்கூடச் சொல்லவில்லை. சந்தியாவந்தனத்துக்கு நீரைக் கையில் ஏந்தினால், அந்த நீரிலும் ஒரு சுடர் கவிழ்ந்து நின்றது.

எட்டு நாள் இப்படிப் போயிற்று. ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அந்தி விளக்கு ஏற்றும் நேரத்தில் கேமராவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பூசாரியிடம் கெஞ்சித் தூணில் விளக்கேற்றச் செய்தேன். கார்த்திகையன்று முக்காலி நின்ற அதே இடம். கண்ணாடி மாட்டி ஒன்று, கழற்றி ஒன்று. கழற்றும்போது எனக்கு இருந்த பயம் லென்ஸைப் பற்றியதன்று. கழற்றிய பிறகும் சுடர் இரண்டாகவே இருந்தால்? நான் சொன்னது மெய்யாகிவிட்டால்? பொய்யனாக வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டவன் இந்தச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதே வேளையில் நான் எதற்காகத் தொடக்கத்தில் பயந்தேனோ அதுவும் நடந்தது. எண்ணெய்த் துளி ஒன்று காற்றில் வந்து உன் லென்ஸின்மேல் விழுந்தது. பதறிப்போய் அங்கவஸ்திரத்தின் நுனியால் துடைத்தேன். சரிகைக் கரை, கன்னியப்பா. மயிரிழை போல ஒரு கீறல், நடுவிலிருந்து விளிம்புவரை. பழைய வேட்டித் துணியைத் தவிர வேறெதுவும் அதன்மேல் படக் கூடாது என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். கீறலுக்குப் பின்னும் ஒரு படம் எடுத்தேன். முக்காலியைத் தொடாமல் மூச்சை அடக்கி எடுத்தேன்.

மறுநாள் பிலிம் சுருளையும் அந்தக் கண்ணாடியையும் இராஜம்மாள் முன் வைத்தேன். "பொய் சொன்னேன் அம்மா" என்றேன்.

"தெரியும்ணா. படத்தைப் பாத்த அன்னிக்கே தெரியும். வெளக்கு வெளிச்சம் லென்ஸ்ல பட்டு, அந்தக் கண்ணாடியில எகிறித் திரும்பி, எதிர்மூலையில தலைகீழா வுழும்" என்றாள். பிறகு ஏன் சம்பந்தி வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் போயி சொன்னா, பொண்ணைத் தள்ளிவுடறதுக்குப் பெத்தவ கதை கட்டறான்னுவாங்க. படிச்சவரு சொன்ன சொல்லு. படிச்சவரேதான் திருப்பி எடுக்கணும். நீங்க வருவீங்களான்னு ஒம்போது நாளா வாசலைப் பாத்துக்கினே இருந்தேன்."

அவள் உன் ஸ்டூடியோவைத் திறந்தாள். உன் கைப்பக்குவம் முழுதும் அவளிடம் இருக்கிறது. நமக்குத்தான் தெரியாமல் போயிற்று. சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடந்த தாளில், முதல் படம் மெல்ல எழுந்தது. தூணின்மேல் ஒரு சுடர், வயலின்மேல் கவிழ்ந்த சுடர். இரண்டாவது எழும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பாருங்கண்ணா" என்றாள். ஒரே சுடர். வயலில் இருட்டு, வெறும் இருட்டு. மூன்றாவது, கீறலுக்குப் பின் எடுத்தது. அதிலும் ஒரே சுடர். கீறல் படத்தில் எங்கும் இல்லை. முன்பக்கத்துக் கீறல் படத்தில் விழாது என்று நீ அடித்துச் சொல்வாயே, அதுவும் மெய்யாயிற்று.

தேவகி அறைக்கு வெளியே நின்றிருந்தாள். ஈரம் சொட்டும் படங்களைப் பார்த்துவிட்டு, "நெருப்பைப் பாத்து பயந்தது கண்ணாடியா மாமா, நீங்களா?" என்றாள். அழுத முகம், ஆனால் வாய் உன் வாய்தான்.

உண்மை தெரிந்த பிறகு அச்சம் போயிருக்க வேண்டும் அல்லவா? இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். என் சுலோகம் பொய்த்ததென்று ஊர் அறிந்தால், இனி யார் என்னிடம் நாள் கேட்பார்கள், பொருள் கேட்பார்கள்? அம்மன் காட்டிய அடையாளத்தைக் கடைக் கண்ணாடி என்று சொன்ன பாவம் எனக்கு வருமோ? என்னைச் சோதிக்க அவளே அந்தக் கண்ணாடியைக் கருவியாக்கினாளோ? எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று படங்களையும் பார்த்த பின்னும் சம்பந்தியம்மாள் நம்பாமல் இருந்துவிட்டால் தேவகியின் கதி என்ன? ஒரு நொடியில் நான் ஊட்டிய பயத்தை மூன்று தாள்களால் எடுத்துவிட முடியுமா? உனக்குத் தெரிந்தால் சொல்.

பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். நாளைக் காலை நகரியில் திருத்தணி வண்டி. இராஜம்மாள் உடன் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். சொன்னவன் தனியாகவே போக வேண்டும். மூன்று படங்களையும் அந்தக் காப்புக் கண்ணாடியையும் எடுத்துக்கொள்கிறேன். கேமராவும் வருகிறது. கீறலை மாப்பிள்ளையிடம் நானே விரல் வைத்துக் காட்டுவேன்.

திரும்பி வந்ததும், வரும் வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில், படத்தை உறையிலிருந்து எடுத்த அதே இடத்தில் நின்று, முனிரத்தினம் கேட்ட கேள்விக்கு மறுபடி விடை சொல்வேன். கேட்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கன்னியப்பா. நாளை அந்த அம்மாளின் எதிரே சுலோகம் எதுவும் சொல்ல மாட்டேன். படிப்பையோ வயதையோ நெற்றி நீற்றையோ அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே நிறுத்த மாட்டேன். தெறிப்பது என்மேலேயே தெறிக்கட்டும்.

உன் அக்காளைக் கைப்பிடித்தவன்,
உன் மகளுக்குத் தாரை வார்க்க உன் இடத்தில் நிற்கக் காத்திருக்கும்
உன் மாமன்