மட்கார்டில் நீங்க எழுதின எண்

சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியாச்சு. இன்னும் விரலில் இருந்து ஆயில் வாசம் போகவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் ரசத்தையும் மீறி அதுதான் மூக்கில் ஏறுகிறது. உங்க கையும் எப்பவும் இப்படித்தான் இருக்கும். "இந்தக் கையோட சோத்தத் தொடாதீங்க"ன்னு எத்தனை நாள் ஏசியிருப்பேன். இன்னைக்கு அதே கையோட நான் சாப்பிட்டேன். அதான் உங்களுக்கு எழுதணும்னு தோணிச்சு.

காலையில் டிராக்டருக்கு ஆயில் மாத்தினோம். நீங்க போன பிறகு இதுதான் முதல் தடவை. அடி போல்ட்டைத் திறந்து வெளியே விட்டது, பங்குனியில் நீங்க உங்க கையால ஊத்தின ஆயில். அதை ஊத்தின மறுமாசம் நெஞ்சுவலியில் போயிட்டீங்க. ஆயில் மட்டும் அதுபாட்டுக்கு இன்ஜினுக்குள்ள சுத்திக்கிட்டே இருந்தது.

சிந்தடிக் ஆயில் நம்ம வண்டிக்கு வந்த கதை ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னால எல்லாரையும் போலத்தான் நாமும். ஆயுதபூசை வந்தால் வண்டியைக் கழுவி, ஆயிலை மாத்தி, சந்தனம் குங்குமம் வச்சு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளப்புவோம். அடுத்த ஆயில் அடுத்த பூசைக்கு. நடுவில் வண்டி எத்தனை மணி நேரம் ஓடிச்சுன்னு மீட்டரை யாரும் பார்க்கிறதில்லை. அதுவும் ஒரு சாமி காரியம் மாதிரி. நாள் தவறினால்தான் குத்தம்.

அந்த வருஷம் கோடையில், மண்ணைப் பொடியாக்குகிற ரொட்டவேட்டர் வேலை ஓயாமல் கிடைத்தது. குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் வண்டி போகிறது கண்ணுக்குத் தெரியாது, புழுதி போகிறதுதான் தெரியும். ஆடி பிறந்ததும் இன்ஜின் சூடேறி நின்னுபோச்சு. மெக்கானிக் அடிச்சட்டியைக் கழட்டிக் காட்டினார். உள்ளே இருந்தது ஆயிலே இல்லை, கருப்பட்டிப் பாகு. நீங்க அதை விரலில் தொட்டுத் தேய்ச்சுப் பார்த்தீங்க. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னீங்க: "பூச வண்டிக்கு. ஆயிலுக்கு மணிதாம்ட்டி கணக்கு."

இன்ஜின் வேலை முடிஞ்சு வந்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை அண்ணாச்சிதான் சிந்தடிக் போடச் சொன்னார். சூடு தாங்கும், சீக்கிரம் கெட்டிப்படாது, கூட நாள் ஓடும்னார். நீங்க டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே இருந்தீங்க.

"என் தலைக்குத் தேய்க்க எண்ணெ வாங்கையில இம்புட்டு ஆராய்ச்சி உண்டா?" என்றேன்.

"ஏட்டி, ஒந் தல ரொட்டவேட்டரா இழுக்கு?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான்தான் டப்பாவை எடுத்துப் பையில் போட்டேன்.

ஊத்தி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் அளவுகம்பியை உருவி ஆயிலைப் பார்த்துவிட்டு வாசலில் நின்னு சத்தம் போட்டீங்க. "ஏட்டி, இங்கன வா. தேன் மாதிரி ஊத்துனது மை மாதிரி ஆயிட்டு. நம்மள நல்லா ஏமாத்திட்டான்." அப்பவே வடிச்சுக் கொட்டப் போனீங்க. நான் ஸ்பேனரைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன். கடையில் ஒரு வார்த்தை கேட்டுட்டு வடிங்கன்னு உங்களை இழுத்துக்கிட்டுப் போனேன்.

"டீசல் இன்ஜின்ல கறுக்கத்தாம் செய்யும் வே. உள்ள கெடக்க அழுக்க அது தூக்கிக்கிட்டு நிக்கி. கறுக்கலேன்னாத்தாம் நீரு பயப்படணும்" என்றார் அண்ணாச்சி.

அழுக்குத் துணி அலசின தண்ணி வெள்ளையாவா இருக்கும்னு நானும் என் பங்குக்குச் சொல்லிவச்சேன். வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தி எனக்கு ரெண்டு முழம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தீங்க. என்கிட்ட தோத்தால் பூ வாங்கித் தருவீங்க. தோத்தேன்னு மட்டும் வாயால சொல்ல மாட்டீங்க.

ஆனால் எத்தனை மணி நேரம் ஓடினதும் மாத்துகிறதுங்கிற சண்டையில் தோத்தது நான். டப்பாவில் போட்டிருந்த மணி பெருசு. அவ்வளவும் ஓட்டலாமேன்னேன். "ஏட்டி, அது நல்ல காத்துல ஓடுத வண்டிக்கு. நம்ம வண்டி புழுதியத்தான மூச்சு விடுது" என்றீங்க. வண்டியோட வந்த புத்தகத்தில் சாதா ஆயிலுக்கு இத்தனை மணி நேரம்னு போட்டிருந்தது. அதுக்கும் டப்பாவில் இருந்ததுக்கும் நடுவில் ஒன்றைப் பேசி முடிவு பண்ணினோம். டிரெய்லர் மட்டும் இழுத்தால் கொஞ்சம் கூடப் போகலாம். ரொட்டவேட்டர் மாட்டினால் ஒரு மணிகூடத் தள்ளக் கூடாது. ஓடாமல் நின்னாலும் வருஷத்துக்கு ஒருதரம் மாத்தியாகணும். ஏர் பில்டரைத் தினமும் தட்டிப் பார்க்கணும், தூசி உள்ளே இறங்கிட்டா எந்த ஆயிலும் காப்பாத்தாது. இதெல்லாம் நாம சண்டை போட்டுச் சண்டை போட்டுச் சேர்த்த சட்டம்.

ஆயில் ஊத்தி முடிச்சதும், அடுத்து மாத்த வேண்டிய மீட்டர் மணியை மட்கார்டின் உள்பக்கம் மஞ்சள் பெயிண்டால் எழுதுவீங்க. பழைய எண் மேல ஒரே ஒரு கோடு.

நீங்க கடைசியா எழுதின எண்ணை மீட்டர் நெருங்கிக்கிட்டே வந்தது. முந்தாநாள் நல்ல மழை. கரிசல் ஊறிக் கிடக்கு. ஈரம் காயுமுன்னே உழுது விதைக்கணும்னு குருவிகுளத்தில் இருந்து போன் மேல போன். இப்ப வண்டி ஓட்டுகிறது உங்க தம்பிதான். இன்னொரு பக்கம் உங்க சித்தப்பா. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதில் இருந்து, "பொம்பள வச்சு டிராக்டர் நடத்த முடியாதும்மா, குடுத்திரு"ன்னு ஒரே பாட்டு. ராயகிரியில் வண்டியை வாங்க ஆள் பார்த்து வச்சிருக்கார். வண்டி ஒருநாள் நிக்கட்டும்னு அவர் காத்துக்கிட்டு இருக்கார்.

காலையில் உங்க தம்பி சாவியை எடுக்க வந்தான். "மதினி, சிந்தடிக்தான, தாங்கும். விதைப்ப முடிச்சிட்டு ஆயுதபூசைக்கு மாத்திக்கிடுவோம்" என்றான்.

எனக்கும் அது இனிக்கத்தான் செய்தது. ஆயில் தாங்குமாங்கிற யோசனை இல்லை. வடிச்சா நீங்க ஊத்தினது போயிருமேன்னு இருந்தது. வாசப்படியில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கோடை முழுக்க ரொட்டவேட்டர் இழுத்த ஆயில். அதை வச்சு விதைப்பையும் ஓட்டி, வண்டி நடுக்காட்டில் நின்னுபோனால் அன்னைக்குச் சாயங்காலமே சித்தப்பா ராயகிரிக்காரரோட வந்து நிப்பார். வண்டியே போயிட்டா, உங்க ஆயிலை நான் எதில் வச்சுக் காப்பாத்துகிறது?

"இல்ல தம்பி. இன்னைக்கே மாத்துவோம்."

"காட்டுல ஆளு நிக்காவ மதினி."

"கொஞ்ச நேரம் நிக்கட்டும். வண்டி நின்னா அவுக ஈரம் காயுத வரைக்கும் நிக்கணும்."

"அண்ணன் மாதிரியே பேசுதிய."

"உங்க அண்ணனே என்ன மாதிரிதாம்ல பேசினாரு" என்றேன். சிரிச்சுக்கிட்டே ஸ்பேனரை எடுத்தான்.

இன்ஜினை ஓடவிட்டு, சூடானதும்தான் திறந்தோம். "சூட்டோட தொறந்தா அழுக்கும் சேந்து வரும்"னு நீங்க சொல்லுவீங்களே. ஆயில் கறுப்பாத்தான் வந்தது. ஆனால் தண்ணியா, ஒரே சீரா வந்தது. பாகு இல்லை, கட்டி இல்லை. விரலில் தொட்டுத் தேய்ச்சுப் பார்த்தேன். நாம பேசி வச்ச கணக்கு சரிதான். கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் நின்னேன். உங்க தம்பியும் அவசரப்படுத்தவில்லை.

புது பில்டரின் ரப்பரில் ஆயிலைத் தடவினது நான். மாட்டினது அவன். அளவுகம்பியில் ரெண்டு கோட்டுக்கும் நடுவே சரியா நிக்கிற மட்டும் ஊத்தி, கிளப்பி, கசிவு இருக்கான்னு குனிஞ்சு பார்த்தோம். இல்லை.

பெயிண்ட் டப்பா மூடி இறுகிப்போய் இருந்தது, நெம்பித் திறந்தேன். உங்க எண்ணை அப்படியே விட்டுருவோமான்னு பிரஷ்ஷோட நின்னேன். விட்டால், ஓட்டுகிறவனுக்கு எது கணக்குன்னு குழம்பும். நீங்க போடுகிற மாதிரியே ஒரே ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே உங்க எழுத்து நல்லாத்தான் தெரிகிறது. பக்கத்தில் என் எண்ணை எழுதினேன்.

வண்டி இப்ப குருவிகுளத்தில் ஓடுகிறது. சத்தம் சீரா இருக்குன்னு உங்க தம்பி போன் பண்ணினான்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். இன்ஜினுக்கு வயசாகிறது, அதனால் நீங்க போடுகிறதைவிடக் கொஞ்சம் முன்னாலயே மாத்துகிற மாதிரித்தான் எழுதியிருக்கேன். எதுக்கு நல்ல ஆயிலை வீணாக்குதன்னு சண்டைக்கு வரணும்னு தோணும் உங்களுக்கு. வாங்க. தோக்கப்போறது நீங்கதான். வரும்போது பூவோட வாங்க.